ஆரி பெர்மனின் வாக்குரிமை எழுத்துகள்

ஆரி பெர்மன் அமெரிக்க இதழாளர், நூலாசிரியர். அமெரிக்காவின் வாக்குரிமைச் சட்டங்கள், வாக்காளர் பதிவு, தொகுதி எல்லை வரையறை ஆகியவற்றைப் பற்றி 2011 முதல் தொடர்ந்து எழுதிவருகிறார். 'தி நேஷன்' இதழிலும் பின்னர் 'மதர் ஜோன்ஸ்' இதழிலும் பணியாற்றினார். 2015-ல் வெளிவந்த 'கிவ் அஸ் தி பேலட்' இவருடைய முதன்மையான நூல். தேர்தல் முடிவுகளைப் பற்றி எழுதுவோர் பலர் இருக்க, யார் வாக்களிக்க முடிகிறது, யாரால் முடியவில்லை என்ற கேள்வியைத் தன் முழுநேரத் துறையாகக் கொண்டவர் என்பதே இவருடைய தனித்தன்மை. ஆதாரத்தைத் திரட்டும் செய்தியாளராகவும் ஒரு பக்கம் நின்று வாதிடுபவராகவும் ஒரே நேரத்தில் எழுதுவதால் இவருடைய எழுத்து பாராட்டையும் எதிர்ப்பையும் சேர்ந்தே பெற்றுவருகிறது.

வாழ்க்கைப் பின்னணி

பெர்மன் அயோவா மாநிலத்தின் ஃபேர்ஃபீல்டு என்ற சிற்றூரில் வளர்ந்தார். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளியில் பயின்றார். அதன்பின் இடதுசாரிச் சார்புள்ள பழைமையான இதழான 'தி நேஷன்'-இல் அரசியல் செய்தியாளராகச் சேர்ந்தார்.

அவருடைய முதல் நூல் 'ஹெர்டிங் டாங்கீஸ்' 2010-ல் வெளிவந்தது. கழுதை ஜனநாயகக் கட்சியின் சின்னம் என்பதால் 'கழுதைகளை மேய்த்தல்' என்ற பொருளில் அமைந்த தலைப்பு அது. ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவராக இருந்த ஹோவர்ட் டீன், தோற்கும் மாநிலங்கள் என்று கைவிடப்பட்டவை உட்பட 50 மாநிலங்களிலும் கட்சியைக் கட்டியெழுப்ப முயன்றதையும், அது 2008-ல் பராக் ஒபாமாவின் வெற்றிக்கு எவ்வாறு உதவியது என்பதையும் அந்நூல் பேசுகிறது. அது கட்சி அமைப்பைப் பற்றிய நூல், வாக்குரிமையைப் பற்றியது அல்ல. ஆனால் மாநில அளவில், மாவட்ட அளவில் நடப்பதைக் கவனித்தால்தான் தேசிய அரசியல் புரியும் என்ற பார்வை அதிலேயே தொடங்கிவிட்டது.

எழுத்தின் பின்புலம்

பெர்மனின் எழுத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்கத் தேர்தல் முறையின் சில அடிப்படைகளை அறிய வேண்டும். இந்தியாவில் இருப்பதைப் போல நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்தும் ஒரே ஆணையம் அங்கே இல்லை. தேர்தலை மாநிலங்கள் நடத்துகின்றன, நடைமுறைப் பணிகளை கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகங்கள் பார்க்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் வாக்காளர் தன் பெயரைத் தானே பதிந்துகொள்ள வேண்டும். வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கை, முன்கூட்டி வாக்களிக்கும் நாட்கள், ஏற்கப்படும் அடையாள அட்டைகள் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆகவே விதிகளை வகுப்பவர் கையில் பெரும் அதிகாரம் இருக்கிறது.

தென்மாநிலங்கள் இந்த அதிகாரத்தைக் கறுப்பினத்தவர்களுக்கு எதிராகப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தின. எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி, பதிவு அலுவலரின் விருப்பம்போன்ற கேள்விகள் ஆகியவை கருவிகளாக இருந்தன. 1965-க்கு முன் மிசிசிப்பி மாநிலத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர்களில் 6.7 விழுக்காட்டினரே வாக்காளர்களாகப் பதிவு பெற்றிருந்தனர். 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரில் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்த ஊர்வலத்தினர்மீது காவல்துறை தடியடி நடத்தியது. அதில் மண்டை உடைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இரண்டே ஆண்டுகளில் மிசிசிப்பியில் கறுப்பினத்தவர் பதிவு ஏறத்தாழ 60 விழுக்காடாக உயர்ந்தது.

அச்சட்டத்தின் உயிர்நாடி ஐந்தாம் பிரிவு. பாகுபாடு காட்டிய வரலாறுடைய மாநிலங்களும் மாவட்டங்களும் தேர்தல் விதியில் எந்த மாற்றம் செய்தாலும் முன்னதாக மத்திய அரசின் நீதித்துறையிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ ஒப்புதல் பெற வேண்டும் என்றது அது. பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுத்து நிரூபிக்க வேண்டியதில்லை. மாற்றம் செய்பவரே அது பாகுபாடற்றது என்று காட்ட வேண்டும். எவையெல்லாம் அத்தகைய மாநிலங்கள் என்பதை நான்காம் பிரிவில் உள்ள கணக்கு முறை தீர்மானித்தது.

இதழியல் பணி

2010 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி பல மாநிலச் சட்டமன்றங்களைக் கைப்பற்றியது. அதன்பின் புகைப்பட அடையாள அட்டையைக் கட்டாயமாக்குதல், முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களைக் குறைத்தல், வாக்காளர் பதிவு இயக்கங்களைக் கட்டுப்படுத்துதல் போன்ற சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் அந்தந்த மாநிலத்தின் உள்ளூர்ச் செய்தியாகவே பார்க்கப்பட்டது. இவற்றை ஒரே தொடரின் கண்ணிகளாகக் கண்டு 2011-ல் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் பெர்மன் எழுதிய நீண்ட கட்டுரை பரவலான கவனத்தைப் பெற்றது. அவர் வாக்குரிமையைத் தன் துறையாகக் கொண்டதற்கு அதுவே தொடக்கம்.

2013 ஜூன் 25 அன்று 'ஷெல்பி கவுண்டி எதிர் ஹோல்டர்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் நான்காம் பிரிவின் கணக்கு முறையை நீக்கியது. அது பழைய நிலைமையை வைத்து வகுக்கப்பட்டது என்பது தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் கூறிய காரணம். கணக்கு முறை போனதும் ஐந்தாம் பிரிவு செயலற்றுப் போனது. அன்றே சில மணி நேரத்துக்குள் டெக்சாஸ் அரசு, தடுத்து வைக்கப்பட்டிருந்த தன் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தது. அச்சட்டப்படி கைத்துப்பாக்கி உரிமம் செல்லும், மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அட்டை செல்லாது. வட கரோலினாவில் முன்கூட்டி வாக்களிக்கும் நாட்கள் 17-லிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டன. வாக்களிக்க வந்த இடத்திலேயே பதிவுசெய்யும் வசதி நீக்கப்பட்டது. எந்த இனத்தவர் எந்த வசதியை அதிகம் பயன்படுத்துகின்றனர் என்ற புள்ளிவிவரத்தைச் சட்டமன்றத்தினர் கேட்டுப் பெற்ற பிறகே அவற்றை வெட்டினர் என்று கண்டு, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-ல் அச்சட்டத்தை ரத்து செய்தது.

இந்தக் காலகட்டத்தில் பெர்மன் எழுதிய கட்டுரைகள் அவருடைய நல்ல பணிகளில் அடங்குபவை. 2016 மார்ச்சில் அரிசோனாவின் மாரிகோபா கவுண்டியில் மக்கள் ஐந்து மணி நேரம்வரை வரிசையில் நின்றனர். 2012-ல் 200 வாக்குச்சாவடிகள் இருந்த இடத்தில் அப்போது 60 மட்டுமே இருந்தன. முன்பு அரிசோனா இப்படிச் சாவடிகளைக் குறைக்க மத்திய அரசின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். அந்த ஆண்டுத் தேர்தலுக்கு முன் தென்மாநிலங்களில் நூற்றுக்கணக்கான சாவடிகள் மூடப்பட்டதையும் தொடர்ந்து எழுதினார்.

2017-ல் 'நியூயார்க் டைம்ஸ்' ஞாயிறு இதழில் கான்சஸ் மாநிலத்தின் கிரிஸ் கோபாக் பற்றி எழுதிய கட்டுரை குறிப்பிடத்தக்கது. வாக்காளராகப் பதிவுசெய்யக் குடியுரிமைச் சான்று காட்ட வேண்டும் என்ற கோபாக்கின் விதியால் 30,000-க்கும் மேற்பட்டோரின் பதிவு தடைப்பட்டது. 2018-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. 2021-ல் 'ஹெரிட்டேஜ் ஆக்‌ஷன்' என்ற அமைப்பின் தலைவர் நன்கொடையாளர்களிடம் பேசிய காணொளியைப் பெற்று, மாநிலத் தேர்தல் சட்டங்களை வரைவதில் அவ்வமைப்புக்கு இருந்த பங்கை 'மதர் ஜோன்ஸ்'-இல் வெளியிட்டார். தனித்தனியாக எழுந்தவை போலத் தெரிந்த மாநிலச் சட்டங்களுக்குப் பொதுவான ஊற்று இருக்கிறது என்று பத்தாண்டுகளாக அவர் சொல்லிவந்ததற்கு அது வலுவான சான்றாக அமைந்தது. 2017-ல் சுதந்திர ஊடகப் பணிக்கான இஸி விருதைப் பெற்றவர்களில் பெர்மனும் ஒருவர்.

கிவ் அஸ் தி பேலட்

நூலின் பெயர் மார்ட்டின் லூதர் கிங் 1957-ல் லிங்கன் நினைவகத்தில் ஆற்றிய உரையிலிருந்து எடுக்கப்பட்டது. வாக்குரிமைப் போராட்டத்தைப் பற்றிய பெரும்பாலான நூல்கள் செல்மாவில் தொடங்கி 1965 ஆகஸ்டில் முடிந்துவிடும். பெர்மனின் நூல் அங்கேதான் தொடங்குகிறது. சட்டம் வந்த பிறகு ஐம்பது ஆண்டுகளில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதே இதன் பொருள். தேசிய நூல் விமர்சகர் வட்ட விருதின் இறுதிப் பட்டியலில் இந்நூல் இடம்பெற்றது.

நூலின் மையக் கருத்து எளிமையானது. உரிமை கிடைத்தவுடன் அதைக் குறைக்கும் வேலையும் தொடங்கிவிடுகிறது. வாக்களிப்பதைத் தடுக்க முடியாதபோது, அளிக்கப்படும் வாக்கின் பயனைக் குறைக்கலாம். அலபாமாவின் மொபைல் நகரம் இதற்கு எடுத்துக்காட்டு. அப்போது அங்கு மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். ஆனால் நகரை ஆண்ட மூவர் குழு நகர் முழுவதும் ஒரே தொகுதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதால் கறுப்பினத்தவர் ஒருவர்கூட அதில் வெற்றிபெற முடியவில்லை. 1980-ல் உச்ச நீதிமன்றம், பாகுபாடு காட்டும் உள்நோக்கத்தை நிரூபித்தால்தான் இத்தகைய முறையை எதிர்க்க முடியும் என்றது. 1982-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, உள்நோக்கம் வேண்டாம், விளைவைக் காட்டினால் போதும் என்று மாற்றியது.

இந்தத் திருத்தத்தை எதிர்த்தவர்களில் ஒருவர், அப்போது ரீகன் அரசின் நீதித்துறையில் பணியாற்றிய இளம் வழக்கறிஞர் ஜான் ராபர்ட்ஸ். விளைவை வைத்துத் தீர்மானிக்கும் முறை கூடாது என்று அவர் பல அலுவல் குறிப்புகளை எழுதினார். அன்று அவர் தரப்பு தோற்றது. முப்பத்தொரு ஆண்டுகள் கழித்துத் தலைமை நீதிபதியாக ஷெல்பி தீர்ப்பை எழுதியவர் அவரே. ஆவணக் காப்பகத்தில் கிடந்த குறிப்புகளையும் பின்னாளைய தீர்ப்பையும் அருகருகே வைத்து பெர்மன் காட்டும் பகுதி நூலின் வலுவான பகுதி. 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பு திடீரென வந்ததல்ல, நீண்டகால எண்ணம் ஒன்றின் நிறைவேற்றம் என்பதை அவர் வசைமொழி இன்றியே நிறுவிவிடுகிறார்.

நூல் கொண்டுவரும் இன்னொரு முக்கியமான உண்மை, இந்தச் சட்டம் நெடுங்காலம் இரு கட்சிகளின் சொத்தாக இருந்தது என்பது. 1970, 1975, 1982, 2006 ஆகிய நான்கு முறையும் அதை நீட்டித்துக் கையொப்பமிட்டவர்கள் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர்களே. 2006-ல் பிரதிநிதிகள் அவையில் 390-33 என்றும் செனட்டில் 98-0 என்றும் அது நிறைவேறியது. ஒருவர்கூட எதிர்க்காமல் செனட் நீட்டித்த சட்டத்தின் இதயப் பகுதியை ஏழே ஆண்டுகளில் ஐந்து நீதிபதிகள் செயலற்றதாக்கினர். ஜனநாயகத்தில் இறுதிச் சொல் யாருடையது என்ற கேள்வியை இந்த எண்களே எழுப்பிவிடுகின்றன.

நூலின் குறை, அது பெரும்பாலும் வாஷிங்டனில் நிகழ்கிறது என்பது. நீதித்துறை அலுவலர்கள், செனட்டர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. வாக்காளர் பெரும்பாலும் ஒரு பத்தியில் வந்து, தன் இழப்பைச் சொல்லிவிட்டு மறைகிறார். ஊர் ஊராகச் சென்று பெயர் பதியவைத்த உள்ளூர்த் தொண்டர்களின் அன்றாட உழைப்பு நூலில் போதிய இடம் பெறவில்லை. சட்டத்தின் வரலாறு என்ற வகையில் இது முழுமையானது. மக்களின் வரலாறு என்ற வகையில் பாதிதான்.

விஸ்கான்சின் கட்டுரை

பெர்மனின் எழுத்தைப் பற்றிய விவாதத்தில் தவிர்க்க முடியாதது 2017-ல் 'மதர் ஜோன்ஸ்' முகப்புக் கட்டுரையாக வந்த விஸ்கான்சின் கட்டுரை. 2016-ல் டொனால்ட் டிரம்ப் அம்மாநிலத்தில் 23,000-க்கும் சற்றுக் குறைவான வாக்குகளில் வென்றார். புகைப்பட அடையாள அட்டைச் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்த முதல் குடியரசுத் தலைவர் தேர்தல் அது. மில்வாக்கி, டேன் ஆகிய இரு கவுண்டிகளில் வாக்களிக்காத பதிவுபெற்ற வாக்காளர்களிடம் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று அஞ்சல்வழி ஆய்வு நடத்தியது. ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் அட்டைச் சட்டத்தால் ஏதோ ஒருவகையில் தடுக்கப்பட்டனர் என்றும், அவ்விரு கவுண்டிகளில் மட்டும் இது சுமார் 17,000 பேர் என்றும் ஆய்வு மதிப்பிட்டது. பெர்மன் இதனுடன் களத்தில் சந்தித்த வாக்காளர்களின் அனுபவங்களையும் சேர்த்து எழுதினார். கட்டுரையின் தலைப்பு, வாக்காளர் தடுப்பே மாநிலத்தை டிரம்புக்குக் கொடுத்தது என்று அறுதியிட்டுக் கூறியது.

ஆய்வு அவ்வளவு தூரம் செல்லவில்லை. ஆய்வை நடத்திய பேராசிரியரே இரு கவுண்டி முடிவை மாநிலம் முழுவதற்கும் விரிக்கக் கூடாது என்று எச்சரித்திருந்தார். தடுக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் அனைவரும் ஒரே வேட்பாளருக்கு வாக்களித்திருப்பார்கள் என்றும் கொள்ள முடியாது. கையில் செல்லத்தக்க அட்டை இருந்தும் விதி புரியாமல் வீட்டிலேயே இருந்தவர்களும் அந்த எண்ணிக்கையில் அடங்குவர். கட்டுரையின் உடற்பகுதி தகவல்களைக் கவனமாகவே தருகிறது. ஆனால் வாசகர் நினைவில் நிற்பது தலைப்பு.

இதனால் ஏற்பட்ட இழப்பு சிறியதல்ல. ஒருவர் தன் அட்டை செல்லாது எனத் திருப்பி அனுப்பப்பட்டது தன்னளவிலேயே அநீதி. அவர் வாக்கால் முடிவு மாறியிருக்குமா என்பது அந்த அநீதியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முடிவு மாறியது என்று சொல்லப் போனதும் விவாதம் வாக்காளரை விட்டு எண்கணக்குக்குத் தாவிவிட்டது. எதிர்த்தரப்பினர் கணக்கை மறுத்து, அதனோடு சேர்த்து வாக்காளரின் அனுபவத்தையும் மறுக்க வழி கிடைத்தது.

மைனாரிட்டி ரூல்

2024-ல் வெளிவந்த 'மைனாரிட்டி ரூல்' நூலில் பெர்மன் தன் கேள்வியை விரிவாக்குகிறார். வாக்களிக்க விடாமல் தடுப்பதைத் தாண்டி, அமெரிக்க அரசமைப்பிலேயே சிறுபான்மை ஆட்சிக்கு இடம் இருக்கிறது என்பது நூலின் வாதம். 'சிறுபான்மை' என்பது இங்கே இனத்தையோ மதத்தையோ குறிக்கவில்லை, எண்ணிக்கையில் குறைந்த வாக்காளர்களைக் குறிக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி கலிபோர்னியாவில் சுமார் 3 கோடியே 95 லட்சம் பேர், வயோமிங்கில் 6 லட்சத்துக்கும் குறைவு. இரு மாநிலங்களுக்கும் செனட்டில் இரண்டிரண்டு இடங்கள். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழு முறையால் 2000-லும் 2016-லும் நாடளவில் குறைந்த வாக்குகள் பெற்றவர் பதவிக்கு வந்தார். அவர்கள் நியமித்த நீதிபதிகள் வாக்குரிமை வழக்குகளில் தீர்ப்பளிக்கின்றனர். ஒன்று மற்றொன்றைத் தாங்கி நிற்கும் வட்டம் இது என்கிறார் பெர்மன்.

தொகுதி எல்லையைத் தமக்குச் சாதகமாக வளைத்து வரையும் 'ஜெரிமாண்டரிங்' முறைக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு விஸ்கான்சின். 2018 சட்டமன்றத் தேர்தலில் மாநில அளவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் ஏறத்தாழ 53 விழுக்காடு வாக்குகள் பெற்றனர். 99 இடங்களில் 63 இடங்கள் குடியரசுக் கட்சிக்குப் போயின. இதற்கு எதிர்முனையில் மிச்சிகன் மாநிலத்தை வைக்கிறார். அங்கு சாதாரணக் குடிமக்கள் கையெழுத்து திரட்டி, எல்லை வரையும் அதிகாரத்தை அரசியல்வாதிகளிடமிருந்து எடுத்துக் குடிமக்கள் ஆணையத்திடம் தரும் திருத்தத்தை 2018-ல் பொதுவாக்கெடுப்பில் வெற்றிபெறச் செய்தனர். முந்தைய நூலில் குறைந்திருந்த மக்கள் பங்கு இந்நூலில் ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது.

ஆனால் இந்நூலின் வாதத்தை அது வெளிவந்த ஆண்டே சோதனைக்கு உட்படுத்தியது. 2024 நவம்பரில் டிரம்ப் தேர்வாளர் குழுவில் மட்டுமன்றி நாடளவிலான வாக்கு எண்ணிக்கையிலும் முதலிடம் பெற்றார். செனட்டின் சமமின்மை, தொகுதி வளைப்பு பற்றிய பெர்மனின் விளக்கங்கள் அதனால் பொய்யாகிவிடவில்லை. எனினும், குறைந்த வாக்கு பெறும் தரப்பு விதிகளின் துணையால்தான் ஆள்கிறது என்ற சட்டகத்துக்குள் அந்த முடிவு அடங்கவில்லை. மக்கள் ஏன் அப்படி வாக்களிக்கின்றனர் என்ற கேள்விக்கு விதிகளைப் பற்றிய நூல் விடை தர முடியாது. அந்த எல்லையை நூல் தானே சொல்லியிருக்கலாம்.

எதிர்க்கருத்துகள்

பெர்மன்மீது வைக்கப்படும் விமர்சனங்களில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, அடையாள அட்டை கேட்பதில் தவறு என்ன என்பது. அமெரிக்கர்களில் ஐந்தில் நான்கு பேர் புகைப்பட அட்டையை ஆதரிப்பதாகக் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன. வாக்காளர் அட்டை வழக்கத்தில் உள்ள நாடுகளின் வாசகர்களுக்கும் இக்கேள்வி எழும். பெர்மனின் கட்டுரைகளில் இதற்கு விடை இருக்கிறது. அமெரிக்காவில் அரசே எல்லாக் குடிமக்களுக்கும் வழங்கும் தேசிய அடையாள அட்டை இல்லை. ஓட்டுநர் உரிமம் இல்லாதவர் வேறு அட்டை பெறப் பிறப்புச் சான்றிதழ் தேட வேண்டும், தொலைவில் உள்ள அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். டெக்சாஸ் வழக்கில், பதிவுபெற்ற வாக்காளர்களில் சுமார் 6 லட்சம் பேரிடம் ஏற்கத்தக்க அட்டை இல்லை என்று நீதிமன்றம் கண்டது. அட்டை கேட்பது அல்ல, எந்த அட்டை செல்லும் என்று தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இரண்டாவது, வாக்குப்பதிவு குறையவில்லை என்பது. 2008 முதல் 2018 வரையான தரவுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு, கடுமையான அட்டைச் சட்டங்களால் பதிவிலோ வாக்களிப்பிலோ குறிப்பிடத்தக்க சரிவு இல்லை என்றது. மறுபக்கம் பிரென்னன் மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வு, முன்பு ஐந்தாம் பிரிவின் கீழ் இருந்த பகுதிகளில் வெள்ளையர்க்கும் பிறர்க்கும் இடையிலான வாக்களிப்பு இடைவெளி மற்ற இடங்களைவிட விரைவாக வளர்ந்ததாகக் கண்டது. தடைகள் வரும்போது அவற்றை மீற மக்களைத் திரட்டும் முயற்சியும் கூடுகிறது. அதனால் மொத்த எண்ணிக்கை குறையாமல் இருக்கலாம். ஐந்து மணி நேரம் நின்று வாக்களித்தவரும் கணக்கில் ஒரு வாக்குதான், ஐந்து நிமிடம் நின்றவரும் ஒரு வாக்குதான். இந்த வேறுபாட்டை பெர்மனின் களக் கட்டுரைகள் காட்டுகின்றன. ஆனால் தம் முடிவுக்கு எதிரான ஆய்வுகளை நேருக்கு நேர் எடுத்துப் பேசுவதில் அவர் போதிய இடம் ஒதுக்குவதில்லை.

மூன்றாவது, ஒருபக்கச் சார்பு. தொகுதி வளைப்பை ஜனநாயகக் கட்சியும் செய்துள்ளது. கட்சி நோக்கிலான தொகுதி வளைப்பில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வட கரோலினாவில் குடியரசுக் கட்சியும் மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சியும் வரைந்த இரு வரைபடங்களைப் பற்றியது. பெர்மனின் எழுத்தில் முதலாவது பெறும் இடத்தோடு ஒப்பிட இரண்டாவது பெறுவது சிறிது. அண்மைக்காலத்தில் வாக்களிப்பைக் கடினமாக்கும் சட்டங்கள் பெரும்பாலும் ஒரு கட்சியிடமிருந்தே வந்தன என்பது உண்மை. ஆயினும், ஆள்பவர் யாராயினும் விதிகளைத் தமக்காக வளைக்க முனைவர் என்ற பொதுப் பாடத்தை இந்த ஏற்றத்தாழ்வு மங்கச் செய்கிறது.

மதிப்பீடு

பெர்மனின் நடை எளிமையானது. சட்டப்பிரிவைச் சொல்வார், அதை எழுதியவரைச் சொல்வார், பின் அது ஓர் ஊரின் வாக்குச்சாவடியில் என்ன செய்தது என்று காட்டுவார். இந்த மூன்று படிகளும் சேரும் இடங்களில் அவர் எழுத்து உறுதியாக நிற்கிறது. கான்சஸ், மொபைல் பற்றிய பகுதிகளும் ராபர்ட்ஸின் குறிப்புகளும் இவ்வகையின. மூன்றாம் படியிலிருந்து தேர்தல் முடிவுக்குத் தாவும் இடங்களில் பிடி தளர்கிறது. விஸ்கான்சின் கட்டுரையின் தலைப்பு இவ்வகையது. அரிசோனா வரிசைகளுக்கு ஷெல்பி தீர்ப்பே காரணம் என்று கூறும்போதும் இதே சிக்கல் இருக்கிறது. ஒப்புதல் கேட்டிருந்தால் மத்திய அரசு மறுத்திருக்கும் என்பது வலுவான ஊகம்தான், நிரூபணம் அல்ல.

அவருடைய முதன்மையான பங்களிப்பு விடாப்பிடியான கவனம். தேர்தல் காலத்தில் மட்டும் வாக்குரிமையைப் பற்றிப் பேசிவிட்டு மறக்கும் ஊடகச் சூழலில், தேர்தல் இல்லாத மாதங்களில், மாநிலச் சட்டமன்றக் குழுக்களிலும் மாவட்ட அலுவலகங்களிலும் எடுக்கப்படும் சிறு முடிவுகளை அவர் பின்தொடர்ந்தார். ஒரு சாவடியை மூடுவது, ஒரு வார முன்வாக்களிப்பை நீக்குவது, பட்டியலில் சில ஆயிரம் பெயர்களை அடிப்பது ஆகியவை தலைப்புச் செய்திகள் ஆவதில்லை. அவை நடந்து முடிந்த பிறகு தேர்தல் நாளில் எழுதிப் பயனும் இல்லை. இதை உணர்ந்து எழுதியதால் பிற இதழ்களும் வாக்குரிமைக்கெனத் தனிச் செய்தியாளர்களை அமர்த்தத் தொடங்கிய காலத்துக்கு முன்னோடிகளில் ஒருவராக அவரைக் கொள்ளலாம்.

வாக்குரிமை ஒருமுறை பெற்றால் நிலைத்துவிடும் பொருள் அல்ல என்பது அவருடைய நூல்களின் பொதுச் செய்தி. 98-0 என்ற எண்ணும் 5-4 என்ற எண்ணும் ஏழே ஆண்டு இடைவெளியில் நிற்பது அதற்கு அவர் தரும் மறுக்க முடியாத சான்று. அவருடைய முடிவுகளில் சிலவற்றை ஏற்காத வாசகரும் அந்தச் சான்றைக் கடந்து செல்ல முடியாது.